ஆமீன் சத்தத்தில் விழுந்த ஆணி

அந்தச் சத்தம் எனக்கு முதலில் உள்ளங்காலில்தான் கேட்டது, காதில் அதற்குப் பிறகுதான். நான்கடி உயரக் கால்களின்மேல் நின்ற மரக் கட்டடம், பலகைத் தரை, பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்து, அந்தத் தரையில் வெறுங்காலோடு வரிசை கட்டி நின்று அந்தித் தொழுகையான மஃரிபைத் தொழும் இருபத்தைந்து முப்பது பேர், இமாம் தொழுகையின் தொடக்கத்தில் ஓதும் அல்ஹம்து சூராவை ‘வலள்ளால்லீன்’ என்று இழுத்து முடித்ததும், ஒரே மூச்சில் “ஆ...மீ...ன்” என்று குரல் எடுப்பார்கள். பலகை கிடுகிடுவென்று அதிரும். அந்த அதிர்வு குதிகாலில் ஏறி, முழங்கால் வழியாக வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இறைவா அப்படியே ஆகட்டும் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பத்து வயதில் அது எனக்குப் பிரார்த்தனையாகப் படவில்லை. ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கத் தெரியாத பிள்ளைக்கு, அசையாமல் நின்றாக வேண்டிய இடத்தில் கிடைத்த ஒரே ஒரு ஆட்டம் அது.

கோலா கங்சாருக்கு இந்தப் பக்கம், பேராக் ஆற்றை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் இந்துக்கள். எங்களையும் சேர்த்து முஸ்லிம் குடும்பங்கள் மூன்றே மூன்று. தோட்டத்தில் இரண்டு கோயில்கள் இருந்தன, பள்ளிவாசல் இல்லை. ஆகவே தொழுகைக்கு, தோட்டத்து எல்லையைத் தாண்டி மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்தில் இருந்த ‘சூராவ்’ என்னும் சிறு தொழுகைக்கூடத்துக்குத்தான் போவோம். அத்தா என்று நான் அழைக்கும் என் தகப்பனார் தோட்டத்தில் ‘பால் லாரி’ ஓட்டினார். மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், கொண்டு வந்து ஊற்றும் ரப்பர் பாலை ஸ்டோரில் நிரப்பிக்கொண்டு, இரண்டு மைல் தள்ளியிருந்த ஆலையில் கொண்டு போய் இறக்குவது அவர் வேலை.

சூராவில் எல்லாரும் ஆமீன் சொல்லும்போது வாய் திறக்காமல் நிற்கும் ஒரே ஆள் அத்தாதான். தொழும் முறையில் அவர் ஹனஃபி வழியைச் சேர்ந்தவர். அவர் பக்கத்து ராவுத்தர் குடும்பங்களில் ஆமீனை உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடக் கேட்காது. அம்மா பாகான் டத்தோவில் பிறந்தவள். அவள் வீட்டார் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த ஷாஃபி வழியினர். மலாய்க்காரர்களைப் போலவே அவர்களும் ஆமீனை வாய்விட்டுச் சொல்வார்கள். இரண்டும் சரிதான், இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டு, தங்கள் வழி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சரி என்பதுபோலத் தாடியைத் தடவிக்கொள்வார்கள். “புள்ள தகப்பன் வழியிலதான் போகணும்” என்பார் அத்தா. அம்மா அரிசி களைந்துகொண்டே, “வழி ஒங்க வழியா இருக்கட்டும், தொண்டை என் தொண்டை” என்பாள். தொண்டைதான் ஜெயித்தது. அத்தாவின் இடது கைப்பக்கம் நின்றுகொண்டு, அவர் வாய்க்கும் சேர்த்து நான் கத்தினேன்.

கத்தியதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. என்னை வீட்டில் ‘முந்திரிக்கொட்டை’ என்றுதான் கூப்பிடுவார்கள். சோறு வெந்ததா என்று கொதிக்கும் பானையில் கையை விடுகிறவன், பஸ் நிற்பதற்கு முன்னே குதிக்கிறவன், கதை சொல்லத் தொடங்கினால் முடிவை முதலில் கேட்கிறவன். இமாம் ‘வலள்ளால்’ என்று இழுக்கும்போதே எனக்கு உள்ளே ஏதோ முட்டிக்கொண்டு வரும். அவர் ‘லீன்’ என்று முடிப்பதற்குள் என் ஆமீன் தனியாகப் பாய்ந்து போய்விடும். முன்வரிசையில் நிற்கும் மலாய்க்காரர்களின் தோள்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குலுங்கும். தொழுகை முடிந்ததும், தோக் இமாம் என்று எல்லாரும் அழைக்கும் அந்த இமாம் என் தலையில் கை வைத்து, “சபார், ஊசோப். துங்கு டூலு” என்பார். பொறு யூசுப், முதலில் காத்திரு என்று அர்த்தம். நான் தலையை ஆட்டுவேன். மறுநாளும் முந்துவேன்.

இதற்கு அம்மாதான் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். தொழுகையில் இமாம் ஆமீன் சொல்லும் அதே நேரத்தில் வானத்தில் வானவர்களான மலக்குமார்களும் ஆமீன் சொல்கிறார்கள், நம்முடைய ஆமீனும் அவர்களுடைய ஆமீனும் ஒன்றாக விழுந்துவிட்டால் அதற்கு முன் செய்த பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும் என்றாள். “முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. சரியா விழணும்டா.” பத்து வயதில் எனக்குப் பெரிய பாவம் எதுவும் கைவசம் இல்லாததால், அப்போது அதை நான் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

பள்ளி விடுமுறை நாட்களில் பால் லாரிதான் எனக்கு வீடு. அத்தாவோடு வேலை செய்த லாரி உதவியாள் மாரிமுத்து அண்ணனுக்கு அப்போது இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. பாலை நிரப்புவது, தொட்டியைக் கழுவுவது, குழாயை மூடிப் பூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. லாரித் தொட்டியின் பின்பக்கத்தில் பித்தளைக் குழாய் ஒன்று இருந்தது. அதன் கைப்பிடி ஓட்டத்தில் தானாகத் திரும்பிவிடாதபடி, விரல் நீள ஆணி ஒன்றைத் துளையில் செருகி வைப்பார். செருகிவிட்டுக் கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். என்னைத் தூக்கிப் படியில் நிற்க வைத்து, “மொதலாளி பாத்துக்கிங்க, ஆணி போட்டாச்சு” என்று என்னிடம் கணக்கு ஒப்புவிப்பார். நானும் பெரிய மனிதன்போலச் ‘சரி’ என்பேன்.

அன்று காலை, லாரி கிளம்புவதற்கு முன், அத்தாவும் மாரிமுத்து அண்ணனும் ஸ்டோருக்குள் கணக்கெழுதும் கிராணியிடம் சீட்டு வாங்கப் போயிருந்தார்கள். நான் பின் படியில் நின்றிருந்தேன். ஏன் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே சொல்லத் தெரியவில்லை. கோபமில்லை, குறும்புகூட இல்லை, கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஆணியை உருவினேன். விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கோடு வழவழவென்று இருந்தது. அதற்குள் அத்தா வந்து, “எறங்குடா, வெயில் ஏறிருச்சு” என்றார், நான் குதித்தேன், லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. கையைத் திறந்தால் உள்ளே ஆணி. அந்த நேரத்தில் ஒரு கத்துக் கத்தியிருந்தால் லாரி நின்றிருக்கும், பத்து அடிதான் போயிருந்தது. ஊரே கேட்கும்படி ஆமீன் சொல்கிற தொண்டை அன்றைக்கு மூடிக்கொண்டது. ஒரு சின்ன ஆணி, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேட்டுச் சாலையில் குலுங்கிக் குலுங்கிக் கைப்பிடி திரும்பியிருக்கிறது. லாரி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது தொட்டியில் பாதிகூட மிச்சமில்லை. ஸ்டோரிலிருந்து ஆலை வரை இரண்டு மைல் செம்மண் சாலையில் வெள்ளையாக ஒரு கோடு. அன்று விடிவதற்கு முன் எழுந்து மரம் வெட்டிய அத்தனை பேரின் காலை வேலையும் அந்தக் கோட்டில் கிடந்தது. பிள்ளைகள் நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தோம். மற்றவர்கள் உறைந்துபோன பாலை விரலால் உரித்து உருண்டை பிடித்தார்கள். மாரிமுத்து அண்ணன் மட்டும் அந்தக் கோட்டை ஒட்டிக் குனிந்த தலை நிமிராமல், ஆலையிலிருந்து ஸ்டோர் வரை நடந்து வந்தார். ஆணி எங்காவது விழுந்து கிடக்கிறதா என்று தேடினார். கிடைத்தால், தான் போட்டதற்கு அது சாட்சி. என்னைத் தாண்டித்தான் போனார். என் பையில் ஆணி தொடையில் இடித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை அத்தா வழக்கம்போல என்னை அழைத்துக்கொண்டு சூராவுக்குப் போனார். எனக்கு அந்த ஆணியை எப்படியாவது தொலைத்தாக வேண்டும். ஆற்றில் போடலாமென்றால் தனியாக ஆற்றுக்கு விடமாட்டார்கள், வீட்டில் ஒளிக்கலாமென்றால் அம்மாவின் கண்ணுக்குத் தப்பாது. தொழுகைக்கு நின்றதும்தான் காலடியில் அந்தச் சந்து தெரிந்தது. முன்வரிசைக்குப் பாய் விரித்திருப்பார்கள். நாங்கள் நின்ற இரண்டாம் வரிசை வெறும் பலகை. ஆணியை உள்ளங்கையில் வைத்து, கைகட்டி நின்றேன். இமாம் ஓதுகிறார். அன்றைக்கு மட்டும் நான் முந்தவில்லை. எல்லாரும் சேர்ந்து ஆமீன் என்று குரல் எடுத்து, தரை அதிரத் தொடங்கியதும், விரல்களை விரித்தேன்.

ஆணி சந்தில் விழவில்லை. பலகையில் பட்டு என் கால் விரலுக்கு முன்னால் கிடந்தது. குனிய முடியாது, நகர முடியாது. நெற்றி தரையில் பட வணங்கும் சுஜூதில் மண்டியிட்டபோது அது சரியாக என் முழங்காலுக்கு அடியில் வந்து குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுபடி எழுந்து இரண்டாவது ரக்அத், தொழுகையின் இரண்டாம் சுற்று. மறுபடியும் அல்ஹம்து சூரா. மஃரிபில் இமாம் வாய்விட்டு ஓதுவது இரண்டு ரக்அத்துகளில்தான், மூன்றாவதில் ஆமீன் சத்தம் கிடையாது. ஆகவே இது எனக்குக் கடைசி வாய்ப்பு. அதற்குள் பெருவிரலால் ஆணியைச் சந்தின் ஓரத்துக்கு நெட்டி வைத்திருந்தேன். ஆமீன் என்று முப்பது தொண்டைகளும் திறந்தபோது ஒரு தள்ளு. அது உள்ளே போய், கீழே சேற்றில் கிடந்த பழைய தகரம் ஒன்றில் விழுந்ததை என் கால் உணர்ந்தது. சத்தம் வந்திருந்தாலும் ஆமீன் அதை விழுங்கிவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! தொழுகை முடிந்து திரும்பிப் பார்த்தேன், அத்தா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை, ஆட்களைக் கூட்டிப் பேர் வாசிக்கும் ‘பெரட்டு’க் களத்திலேயே விசாரணை நடந்தது. கிளம்பும்போது ஆணி இருந்ததா என்று அத்தாவைக் கேட்டார்கள். “நான் பாக்கலங்க” என்றார் அத்தா. மாரிமுத்து அண்ணனைக் கேட்டார்கள். போட்டேன் என்று முதலில் சொன்னாராம்; ஆணி எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்க, போட்டதாகத்தான் ஞாபகம் என்றாராம்; கடைசியில் ஒன்றும் சொல்லாமல் நின்றாராம். வேலை போயிற்று. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போயிற்று. ஒரு வாரத்தில் லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு, குழந்தையையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு கமுந்திங் பக்கம் ஏதோ நூல் ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பினார். சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவர், வாசலில் நின்றபடி, “போட்டேனா இல்லியான்னு எனக்கே இப்ப தெரியலண்ணே, ராத்திரியெல்லாம் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், கை போட்ட மாரியும் இருக்கு, போடாத மாரியும் இருக்கு” என்றார். அத்தா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாரிமுத்து அண்ணன் என்னைப் பார்த்து, “மொதலாளி, இனிமே நீங்கதான் ஆணியப் பாத்துக்கணும், சரியா?” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன் பிறகுதான் அம்மாவின் மலக்குமார்கள் எனக்கு வேண்டியவர்களானார்கள். ஒரு ஆமீன், ஒரே ஒரு ஆமீன் அவர்களுடையதோடு சரியாக விழுந்துவிட்டால் போதும், எல்லாம் கழுவி விடப்படும், நான் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. நாள் தவறாமல் சூராவுக்குப் போனேன். இமாமின் உதட்டை ஓரக்கண்ணால் பார்த்து, மூச்சைப் பிடித்து, அரைக் கணம் அப்படியும் இப்படியும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று அம்மா பூரித்துப் போனாள். ஆனால் ஒவ்வொரு நாளும், எல்லாரும் குரல் எடுக்கும் அந்த நேரத்தில், எனக்கு மட்டும் கீழே தகரத்தில் ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. ஒன்றாக விழுந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேலிருந்து யாரும் சீட்டு அனுப்புவதில்லை. எனக்குப் பசி குறைந்தது, நகம் கடிக்கும் பழக்கம் வந்தது.

நான்கைந்து மாதங்களில் அத்தா தோட்டத்து வேலையை விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று யாருக்கும் புரியவில்லை. நல்ல வேலை, லாரியைச் சொந்த லாரி மாதிரி வைத்திருந்தார், மேலிடத்திலும் நல்ல பெயர். “பால் வாசம் ஒத்துக்கல” என்று அம்மாவிடம் சொன்னார். பதினைந்து வருஷம் ஒத்துக்கொண்ட வாசம்! ஈப்போவுக்கு வந்து ஓர் அரிசி மொத்த வியாபாரியிடம் லாரி ஓட்டச் சேர்ந்தார். ஈப்போவில் தமிழ் முஸ்லிம்கள் கூடும் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. சிமெண்ட் தரை, மின்விசிறி, சுவர்க் கடிகாரம், வரிசை வரிசையாகத் தமிழ் பேசும் மனிதர்கள். அத்தாவின் முகத்தில் ஊருக்குத் திரும்பி வந்த நிம்மதி தெரிந்தது. முதல் நாள் மஃரிபுக்கு என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

அங்கே எல்லாரும் ஹனஃபி வழி. யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. இமாம் ‘வலள்ளால்லீன்’ என்று முடித்தார். ஒரு சத்தமும் இல்லை. இருநூறு பேர் நிற்கும் கூடத்தில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. அந்த அமைதியில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எந்த மறைப்பும் இல்லாமல் நடுக்கூடத்தில் நிறுத்தியதுபோல இருந்தது, இப்போது அந்த ஆணி விழுந்தால் இருநூறு பேருக்கும் கேட்கும் என்று தோன்றியது. அந்த இடத்தை எப்படியாவது நிரப்பியாக வேண்டும். “ஆமீன்!” என்று கத்திவிட்டேன். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது என் குரல், தன்னந்தனியாக.

சலாம் கொடுத்து முடித்ததும் முன்வரிசையிலிருந்து தலைகள் திரும்பின. நிர்வாகத்தில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, “யாரு வூட்டுப் புள்ள இது?” என்று கேட்டார். அத்தா அன்றுதான் முதன்முதலாக அந்த ஜமாஅத்துக்கு வந்திருக்கிறார், யாரையும் தெரியாது, முதல் அறிமுகமே இப்படி. “எம் புள்ளதாங்க” என்றார். பெரியவர் கோபப்படவில்லை. என் கன்னத்தைத் தட்டி, “இங்க சத்தம் போடக் கூடாது லா தம்பி. மனசுக்குள்ள சொன்னாப் போதும். அல்லாவுக்குக் காது நல்லாக் கேக்கும்” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தா சிரிக்கவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “சத்தமா சொல்ல வேண்டியத சத்தமா சொல்ல வேண்டிய எடத்துல சொல்லணும். அங்க சொல்லாம விட்டுட்டு எங்க கத்தி என்ன பண்றது?” என்றார். பள்ளிவாசல் ஒழுங்கைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதை அவர் யாருக்குச் சொன்னார் என்று யோசிக்க எனக்கு வயது போதவில்லை.

அதன் பிறகு நானும் உதட்டுக்குள் சொல்லப் பழகிக்கொண்டேன். படித்தேன், நில அளவை அலுவலகத்தில் வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன். எல்லாவற்றிலும் அதே அவசரம். சிக்னல் பச்சையாவதற்கு முன்னே நகர்கிறவன், பிறர் பேச்சை முடிக்கவிடாமல் முடித்துவைக்கிறவன் என்று மனைவி இன்றும் பட்டியல் வாசிப்பாள். ஒரு காரியத்தில் மட்டும் நான் முந்தவே இல்லை. ஈப்போவிலிருந்து கமுந்திங் ஒரு மணி நேரப் பயணம். வேலை நிமித்தம் எத்தனையோ முறை அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறேன். விலாசம் தெரியாது என்று சொல்லிக்கொள்வேன், தேடவும் மாட்டேன்.

அத்தாவுக்கு உடம்பு தளர்ந்த கடைசி வருஷம், ஒரு பிற்பகலில் அவருக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பேச்சில் எந்தத் தொடர்பும் இல்லாமல், “அன்னிக்கு சூராவுல, கீழ தகரத்துல விழுந்துச்சே” என்றார். என் கையிலிருந்த நகவெட்டி நின்றுவிட்டது. “எனக்குக் கேட்டுச்சுடா. அம்புட்டுப் பேரும் சத்தம் போட்டாங்க. சத்தம் போடாம நின்னவன் நான் ஒருத்தன்தான லா அங்க?” என்றவர் மேலே சொன்னார். “காலைல சொல்லிடலாம்னு ராத்திரியே நெனச்சேன். பெரட்டுல நிக்கிறப்ப, ஒனக்கு என்னா ஆகும், வேலை என்னா ஆகும்னு... பாக்கலன்னு சொன்னேன். பாக்கல, அது நெசம்தான்.” அடுத்த விரலை என்னிடம் நீட்டிக்கொண்டே, “மாரிமுத்து கமுந்திங்குலதான் இருக்கான்” என்று விலாசத்தைச் சொன்னார், வீட்டு எண் உட்பட. அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அத்தாவை அடக்கம் செய்து இரண்டு வருஷம் கழித்துத்தான், போன மாதம், நான் அந்த விலாசத்துக்குப் போனேன். முந்திரிக்கொட்டையின் லட்சணம் அது.

வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் இரும்புக் கேட், துளசிச் செடி, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. எழுபது கடந்த மாரிமுத்து அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொள்ள நேரமாயிற்று, கண்டுகொண்டதும் “மொதலாளி!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி பாக்கியம் அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினேன். அவர் காதருகே கையைக் குவித்து, “சத்தமா சொல்லு தம்பி. மில்லுல முப்பது வருஷம், மெஷினு சத்தத்துல காது போச்சு லா” என்றார். பிறகு அவராகவே சொன்னார். “ஒங்க அத்தா வருஷா வருஷம் ஹரி ராயா பெருநா முடிஞ்சு வருவாரு, தெரியுமா? பலகாரம் கொண்டாந்து வெச்சிட்டு, இந்த நாக்காலிலதான் உக்காருவாரு. ரொம்ப நேரம் உக்காந்து இருப்பாரு. வாய் மட்டும் அசையும், என்னமோ சொல்றாருன்னு தெரியும், எனக்குத்தான் வெளங்காது. பெரியவருகிட்ட சத்தமா சொல்லுங்கன்னு எத்தன தடவ கேக்குறது? சரி சரின்னு தலைய ஆட்டிக்குவேன்.”

நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். என் அத்தா சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த விதத்தில், உதட்டுக்குள், வருஷம் தவறாமல் சொல்லியிருக்கிறார். அல்லாஹ்வுக்குக் காது நன்றாகக் கேட்கும், சந்தேகமில்லை. மாரிமுத்து அண்ணனுக்கு அல்லவா கேட்க வேண்டும்?

“அண்ணே! அந்த ஆணிய எடுத்தது நான்தான்!” என்று கத்தினேன். எதிர் வீட்டில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் நெற்றியைச் சுருக்கி, “எந்த ஆணி?” என்றார். மறுபடியும் கத்த வேண்டியிருந்தது. “பால் லாரி ஆணி! நீங்க போட்டிருந்தீங்க! நான்தான் உருவுனேன்! சூராவுல பலகைச் சந்துல போட்டுட்டேன்!” தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எனக்கு அழுகையும் வந்தது, கத்தவும் வேண்டியிருந்தது, இரண்டும் சேர்ந்து குரல் எப்படியோ போயிற்று.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்தார். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து காற்றில் எதையோ துளைக்குள் செருகின. பிறகு கட்டை விரல் ஒரு தட்டுத் தட்டியது. “அப்ப நான் போட்டேன்” என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, என்னைவிடச் சத்தமாக, “பாக்கியம்! ஏய் பாக்கியம்! நான் போட்டுத்தான் இருக்கேன்டி! கேட்டுச்சா? போட்டுத்தான் இருக்கேன்!” என்று கத்தினார். அக்கா ஈரக் கையோடு வாசலுக்கு வந்து நின்றார். அவரை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். “அடுப்ப அணைச்சமா, கதவப் பூட்டுனமான்னு இத்தன வருஷமும் மூணு மூணு தடவ போய்ப் பாப்பாரு தம்பி. மில்லுல ‘செக் மாரி’ன்னே பேரு வெச்சிட்டானுங்க. அவரு கைய அவரே நம்ப மாட்டாரு” என்றார். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்திருக்கலாம், இருக்கவும் வேண்டும். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்று அண்ணனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் மறுபடி மறுபடி அந்த விரல்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேத்தண்ணி ஆறியது. நான் எழுந்து வந்தேன்.

திரும்பும் வழியில் பொழுது சாய்ந்துவிட்டதால், கோலா கங்சாரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி அந்தப் பழைய கம்பத்துக்குப் போனேன். தோட்டத்தில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி வீடமைப்பு. லயங்கள் இருந்த இடத்தில் கார்கள் நின்றன. வெள்ளைக் கோடு விழுந்த செம்மண் சாலை தார்ச்சாலையாகி, அதற்கு ஒரு பெயர்ப்பலகையும் வைத்துவிட்டார்கள். சூராவ் இப்போது செங்கல் கட்டடம். பளிங்குத் தரை, அதன்மேல் கால் புதையும் கம்பளம், ஒலிபெருக்கி. பலகை இல்லை, சந்து இல்லை. அந்தத் தகரமும் ஆணியும் இந்தச் சிமெண்டுக்கு அடியில் எங்கோ கிடக்கின்றன. என்னைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. இரண்டாம் வரிசையில், என் கணக்குக்கு அத்தா நின்ற இடம் என்று தோன்றிய இடத்தில் நின்றேன்.

இளம் இமாம் அல்ஹம்து சூராவை முடித்தார். சுற்றிலும் ஆமீன் எழுந்தது. தரை அதிரவில்லை, சத்தம் கூரையில் இருந்த பெட்டியிலிருந்து வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் சத்தம் போடும்போது ஒருவன் மட்டும் சும்மா நின்றால் என்னவெல்லாம் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் நிற்பவரின் மூச்சு, ஒரு குழந்தையின் கொட்டாவி, வெளியே படியில் யாரோ செருப்பைக் கழற்றுவது, எல்லாமே கேட்டன. அவர்கள் சொல்லி முடித்து, இமாம் அடுத்த சூராவைத் தொடங்கிய பிறகு, முழுதாக ஒரு மூச்சு பிந்தி, உதட்டுக்குள் நான் ஆமீன் என்றேன். மலக்குமார்கள் அதற்குள் போயிருப்பார்கள்.